குடிபெயரும் இணையத்தளம்

குடிபெயர்தல் நமக்குப் புதிதன்று. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அவற்றினும் தொலைவான ஊர்களிலிருந்தும் இத்திருவனந்தபுரத்திற்கு வந்து வேர்கொண்ட குடும்பங்கள் நம்முடையவை. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்ய வந்தோர் உளர்; அரசுப் பணிக்கு வந்தோர் உளர்; தும்பாவின் விண்வெளி ஆய்வு நிலையத்திற்கு வந்தோரும் உளர். வந்தபின்னும் ஒரு வாடகை வீட்டிலிருந்து மற்றொரு வாடகை வீட்டிற்கு மாறியவர்களே நம்மில் பலர். வீடு மாற்றுவதில் பெருந்தொல்லை யாது என்று கேட்டால், பாத்திரம் பண்டங்களைக் கட்டுவதன்று, கடிதங்கள்தாம் என்று நம் இல்லத்தரசியர் உடனே விடை கூறுவர். பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்த கலியாணப் பத்திரிகையும், பத்து நாள் கழித்துக் கைக்கு வந்த துயரச் செய்தியும் எந்தக் குடும்பத்தில் இல்லை?

இன்று நம்மைப் போன்ற சங்கங்களுக்கு மண்ணின்மேல் ஒரு கட்டடம் இருக்கிறதோ இல்லையோ, இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. உறுப்பினர் பட்டியல், குழந்தைகளின் தமிழ் வகுப்பு நேரம், பழைய ஆண்டு மலர்கள், கட்டுரைப் போட்டி முடிவு, மறைந்தோர் அறிவிப்பு ஆகிய யாவும் அங்கே குடியேறிவிட்டன. அத்தளமோ ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் ஆண்டு வாடகைக்கு இருக்கிறது. வாடகை உயரும், இடம் போதாமற்போகும், சில வேளை அந்நிறுவனமே கடையைக் கட்டிவிடும். அப்போது வேறிடம் தேட வேண்டியதுதான். செயற்குழுக்களில் இது பேசப்படும்போது வழக்கமாக எழும் யோசனை ஒன்று உண்டு: "ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்குத் தளத்தை மூடிவிட்டு, விடிவதற்குள் மாற்றிவிடலாம். அந்த நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?"

யார் பார்க்கப் போகிறார்கள் என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். தை மாதத்தில் நமக்கு இரவு 2 மணி எனில் துபாயில் 12.30; சிங்கப்பூரில் வைகறை 4.30, இலண்டனில் முந்திய நாள் இரவு 8.30, நியூயார்க்கில் பிற்பகல் 3.30. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊர்களிலெல்லாம் இருக்கிறார்கள். எல்லாரும் ஒருங்கே உறங்கும் நாழிகை என்பது நம் குடும்பங்களுக்கு இல்லை. ஊரில் ஒரு பெரியவர் மறைந்த அன்று, தகனம் எப்போது என்று அறியத் தளத்தைத் திறக்கும் மகனுக்கு 'இப்பக்கம் கிடைக்கவில்லை' என்ற வாசகம் எதிர்ப்படுதல் எவ்வளவு கொடிது! ஆகவே மூடிவிட்டு மாற்றுவது நமக்குரிய வழியன்று. மூடாமலே மாற்ற முடியும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒழுங்கும் பொறுமையும், ஒரு திங்கள் இரண்டு வீட்டு வாடகையும் போதும்.

முதலில் தெளிய வேண்டுவது, வீடு வேறு, பெயர் வேறு என்பது. தளம் குடியிருக்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். அதற்கு ஓர் எண் உண்டு, ஐ.பி. எண் என்பர். மக்களோ எண்ணை நினைவில் வைப்பதில்லை. தளத்தின் பெயரைத்தான் அறிவர். பெயரைச் சொன்னால் எண்ணை எடுத்துக் கொடுக்கும் பெருங்குறிப்பேடு ஒன்று உலகெங்கும் பரந்து கிடக்கிறது. 1983 ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தளித்த அந்த ஏற்பாட்டை டி.என்.எஸ். என்று வழங்குகிறோம். தளம் வீடு மாறும்போது பெயர் மாறுவதில்லை. அந்தக் குறிப்பேட்டில் பெயருக்கு எதிரே இருக்கும் எண் மட்டுமே மாறுகிறது.

இவ்வளவு எளிதெனில் தொல்லை எங்கே வருகிறது என்று அன்பர்கள் கேட்கலாம். குறிப்பேடு ஒன்றன்று என்பதில்தான் வருகிறது. நம் தொலைபேசி நிறுவனமும், துபாயின் நிறுவனமும், அமெரிக்காவின் நிறுவனமும், ஒருமுறை கேட்டறிந்த எண்ணைத் தத்தம் ஏட்டில் படியெடுத்து வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தளத்துக்குரியவரே விநாடிக் கணக்கில் எழுதி வைக்கிறார். டி.டி.எல். என்பது இதுதான். பல தளங்களில் 86,400 என்றிருக்கும். அதாவது ஒரு முழு நாள். இன்று காலை படியெடுத்தவர் நாளைக் காலைவரை நம்மை மீண்டும் கேட்கமாட்டார். இடையே நாம் எண்ணை மாற்றிவிட்டால் அவர் தம் வாடிக்கையாளரைப் பழைய வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருப்பார். அங்கே விளக்கை அணைத்திருந்தோமாயின் அவர்கள் இருட்டில் நிற்பார்கள்.

மருந்து நோயைவிட எளியது. மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அந்த 86,400 ஐ அடித்து 300 என்று எழுதுக. பழைய படிகள் ஒரு நாளில் காலாவதியாகும். அதன்பின் எடுக்கப்படும் படி எதுவும் ஐந்து நிமிடத்திற்கு மேல் உயிர்வாழாது. பிறகு எண்ணை மாற்றினால் பெரும்பாலோர் சில நிமிடங்களில் புதுவீட்டை அடைவர். மாற்றும் அன்றே 300 என்று எழுதுவதில் பயனில்லை. நேற்றுப் படியெடுத்தவருக்கு அச்செய்தி எட்டாது அன்றோ? எழுத்தளவில் இது மிகச் சிறு வேலை. ஆயினும் தளமாற்றங்களில் மிகுதியாக மறக்கப்படுவது இதுவே என்பது நம் எண்ணம்.

இங்கே இரண்டு நுணுக்கங்கள் உள. குறிப்பேட்டையே, அதாவது பெயர்ச் சர்வரையே, புதிய நிறுவனத்திற்கு மாற்றச் சொல்லிப் பலர் அறிவுரை கூறுவர். அவ்வாறு செய்தால் 'காம்' என்று முடியும் பெயர்களின் தலைமை ஏட்டில் அக்குறிப்பு இரண்டு நாள் அளவுக்குப் பிறரால் படியெடுத்து வைக்கப்படும். அதனைக் குறைக்கும் உரிமை நமக்கு இல்லை. எனவே குறிப்பேடு இருக்குமிடத்திலேயே இருக்கட்டும். அதனுள் எண்ணை மட்டும் மாற்றுவோம். மற்றொன்று, இன்றைக்கு ஒரு பெயருக்கு இருவகை எண்கள் இருக்கலாம். பழைய முறை எண்ணை மாற்றிவிட்டுப் புதிய ஆறாம் பதிப்பு எண்ணை மறந்துவிட்டால், அலுவலகக் கணினியில் புதுவீடு தெரியும், கைப்பேசியில் பழைய வீடு தெரியும். நம் நாட்டுக் கைப்பேசி இணைப்புக்களில் பெரும்பகுதி ஆறாம் பதிப்பு வழியே செல்கின்றது. 'எனக்குச் சரியாகத் தெரிகிறதே' என்று செயலாளரும் 'எனக்குத் தெரியவில்லையே' என்று பொருளாளரும் வழக்காடுவதற்கு இதைவிடச் சிறந்த காரணம் வேறு வேண்டா.

நிற்க. எண்ணை மாற்றுவதற்கு முன்னரே புதுவீடு முழுமையாக எழுந்திருக்க வேண்டும். கோயில் திருப்பணியைக் கண்டவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. 2022 ஜூலையில் 418 ஆண்டுகளுக்குப் பின் குடமுழுக்குக் கண்ட திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு நம் அன்பர் பலர் சென்று வந்தனர். திருப்பணிக் காலத்தில் நித்திய பூசை நின்றுவிடாதிருக்கப் பாலாலயம் அமைப்பது நம்மவர் கண்ட மரபு. சிற்றிடமாயினும் அங்கே பூசை தொடங்கிய பின்னரே கருவறையில் உளி விழும். தளமாற்றத்திலும் அம்முறையே வேண்டும். பழைய வீட்டில் உள்ள கோப்புக்கள், படங்கள், தரவுத்தளம் ஆகிய அனைத்தையும் புது இடத்தில் படியெடுத்து நிறுத்துக. ஊரறியாமல் அதனைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கணினியிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்றொரு சிறு கோப்பு இருக்கிறது. அதில் நம் தளத்தின் பெயரையும் புதிய எண்ணையும் ஒரு வரியில் எழுதிவிட்டால், அந்தக் கணினிக்கு மட்டும் புதுவீடு தெரியும். உலகத்தார்க்குப் பழைய வீடே தெரியும். செயற்குழுவில் இருவர் இவ்வாறு ஒரு வாரம் புதுவீட்டுக்குள் நடமாடிப் பார்த்தல் நன்று. சோதனை முடிந்ததும் அவ்வரியை அழித்துவிட வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

அவ்விருவரும் முதலில் பார்க்க வேண்டுவது எழுத்துக்களை. ஆங்கிலத் தளத்தார்க்கு இல்லாத இடர் இது. தமிழ் இணையத்திற்கு வந்த தொடக்க நாட்களில் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறிமுறையை வைத்திருந்தது. பிறகு டிஸ்கி வந்தது; 1999 ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பயனாகத் தாம், தாப் என்னும் குறிமுறைகள் வந்தன; 2010 இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்றது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், டிஸ்கியில் ஏற்றிய பழந்தமிழ் நூல்களைப் பின்னர் யூனிகோடிலும் அளித்தது எழுத்துக்களின் பெருங்குடிபெயர்வு என்றே சொல்லலாம்.

இப்போது எல்லாம் யூனிகோடுதானே, இனி என்ன கவலை என்று இருந்துவிடலாகாது. சங்கத் தளங்கள் பலவற்றில் செய்திகளைத் தாங்கி நிற்பது மைசீக்குவல் என்னும் தரவுத்தளம். 2018 இல் வந்த எட்டாம் பதிப்புக்கு முன்னர், வேறு ஒன்றும் கூறாவிடில், அது தன் பெட்டிகள்மேல் 'லத்தீன்' என்று சீட்டு ஒட்டிவிடும். உள்ளே இருப்பது தமிழ்; மேலே இருப்பது லத்தீன் சீட்டு. போடுபவரும் எடுப்பவரும் ஒரே தவறான சீட்டை நம்பியதால் பல்லாண்டு ஒரு குறையும் தோன்றவில்லை. புதுவீட்டிலோ பெட்டிகள் சரியான சீட்டையே எதிர்பார்க்கும். அங்கே திறந்தால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவது ஆதலின், ஓரெழுத்து இருந்த இடத்தில் தலையில் கொம்பு முளைத்த மூன்று ஐரோப்பியக் குறிகள் நிற்கும். இந்நிலை அஞ்சத்தக்கதன்று, சீட்டை மாற்றினால் தமிழ் மீளும். அஞ்சத்தக்கது வேறொன்று. எழுத்துக்கள் வெறுங்கேள்விக்குறிகளாக மாறி அப்படியே சேமிக்கப்பட்டுவிட்டால், எந்தக் கேள்விக்குறி எந்த எழுத்தாயிருந்தது என்பதை எவராலும் கூற இயலாது. முப்பது ஆண்டுகளின் உறுப்பினர் பெயர்களெல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும். பழைய வீட்டில் மூலப்படி இருக்கும்வரைதான் இதற்குப் பரிகாரம். ஆகவே முகப்புப் பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்து நின்றுவிடாது, பழைய மறைந்தோர் அறிவிப்பையும், பத்தாண்டுக்கு முந்திய போட்டி முடிவையும் திறந்து படியுங்கள். ஸ்ரீ, கொ, ஔ ஆகியவை உருக்குலையாமல் இருக்கின்றனவா என்று நோக்குங்கள். பழைய பட்டியலில் எத்தனை பெயர், புதியதில் எத்தனை பெயர் என்று எண்ணியும் பாருங்கள்.

அடுத்து வருவது கணக்கேட்டின் தொல்லை. திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் தோன்றிய சாலைக் கடைத்தெருவின் வணிகர்க்கு இது நன்றாகப் புரியும். கடையை எதிர்வரிசைக்கு மாற்றுகிறார் ஒருவர். பேரேட்டைப் படியெடுத்துப் புதுக்கடைக்கு அனுப்பிவிட்டார். பழைய கடையிலும் வாடிக்கையாளர் வருகிறார்கள். கணக்குப்பிள்ளை அங்கேயுள்ள ஏட்டில் வரவு எழுதுகிறார். புதுக்கடையிலும் ஒருவர் புதுஏட்டில் எழுதுகிறார். மாலையில் எது உண்மைக் கணக்கு? அதுபோலவே, குறிப்பேட்டின் எண் மாறும் அந்தச் சிறுபொழுதில் ஒருவர் பழைய வீட்டில் தமிழ் வகுப்புக்குப் பெயர் பதிவு செய்வார், மற்றொருவர் புதுவீட்டில் பதிவு செய்வார். இரண்டு ஏடும் பிறகு ஒன்றாவதில்லை. விடுபட்ட குழந்தையின் தந்தை வகுப்புத் தொடங்கும் நாளில் வந்து நிற்கும்போதுதான் செய்தி வெளிப்படும்.

பெருந்தளங்கள் இதனை எவ்வாறு தீர்க்கின்றன என்பதை அறிதல் நலம். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட விக்கிமீடியாத் தளங்கள், 2013 ஜனவரியில் புளோரிடாவின் தாம்பா நகரத்திலிருந்து வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன் நகரத்திற்குக் குடிபெயர்ந்தன. கட்டுரை படித்துக்கொண்டிருந்த நம்மவரில் எத்தனை பேர் அதனை உணர்ந்தோம்? 2016 ஏப்ரலில் அவர்கள் மேலும் ஒருபடி சென்றனர். டெக்ஸாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரத்தருகே இன்னொரு நிலையம் அமைத்து, அவசியம் எதுவும் நேராதபோதே, ஒத்திகையாக அனைத்தையும் அங்கே மாற்றி இரண்டு நாள் நடத்தித் திரும்பினர். மாற்றும் வேளையில் படிப்பவர்க்குத் தடையில்லை; எழுதுவதற்கு மட்டும் சிறிது நேரம் தடை. ஏடு ஒன்றாகவே இருத்தற்பொருட்டு எழுதுகோலைச் சற்றே கீழே வைக்கச் சொல்லுதல்தான் அவர்கள் கண்ட தீர்வு. 2018 இல் அத்தடை ஏழரை நிமிடம் நீடித்தது. 2021 ஜூனில் இரண்டு நிமிடத்திற்குள் அடங்கிவிட்டது. பழகப் பழகக் கை தேறுகிறது. 2023 முதல் ஆண்டுக்கு இருமுறை, இரவும் பகலும் ஒத்துவரும் மார்ச்சு, செப்டம்பர் நாட்களையொட்டி, இதனை வழக்கமாகவே கொண்டுள்ளனர். நம் ஊரில் அந்நாட்களில் மாலைக் கதிரவன் பத்மநாபசுவாமி கோயில் கோபுரச் சாளரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவருவதைக் காணக் கிழக்குக் கோட்டையில் கூடுகிறோம். இனிக் கூடும்போது, உலகத்தின் மறுகோடியில் தமிழ்க் கட்டுரைகள் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கும் காலம் அது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சங்கத் தளத்திற்கு இரண்டு நிமிடத் திறமை வேண்டுவதில்லை. அரைமணி நேரம் பதிவுப் படிவங்களை மட்டும் மூடி, 'அரைமணியில் மீண்டும் பதியலாம்' என்று ஓர் அறிவிப்பை அங்கே வைத்து, அப்போது தரவுத்தளத்தைப் புதிதாக ஒருமுறை படியெடுத்துப் புதுவீட்டில் சேர்த்து, எண்ணை மாற்றி, புதுவீட்டில் மட்டும் படிவத்தைத் திறந்துவிட்டால் ஏடு ஒன்றே. பழைய வீட்டில் படிவம் மூடியே இருக்கட்டும். படிப்பவர் தடையின்றிப் படிக்கலாம். தமிழ் வகுப்புச் சேர்க்கை நடக்கும் வாரத்திலும் ஓணம், பொங்கல் விழாக்களுக்கு முன்னும் இவ்வேலையை வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.

பூட்டுக்குறிச் சான்றிதழைப் பற்றி ஒரு சொல். உலாவியில் தளத்தின் பெயரருகே 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் வயதானவர்கள் அஞ்சி மூடிவிடுவர். இலவசச் சான்றிதழ் வழங்குவோர், பெயர் எந்த வீட்டைக் காட்டுகிறதோ அந்த வீட்டில் வந்து சோதித்தே வழங்குவது பெருவழக்கு; புதுவீட்டுக்கோ இன்னும் பெயர் வரவில்லை. எனவே பழைய சான்றிதழையே படியெடுத்துப் புதுவீட்டில் வைத்தல் வேண்டும். இல்லையேல் குறிப்பேட்டின் வழியாகச் சோதித்துச் சான்று பெறும் முறையைக் கையாளல் வேண்டும். மின்னஞ்சலும் அவ்வாறே. தளம் இருந்த நிறுவனத்திலேயே சங்கத்தின் அஞ்சற்பெட்டியும் இருக்குமாயின், வாடகையை நிறுத்தும் நாளில் கடிதங்களும் நின்றுபோகும். பெட்டிக்கு வேறிடம் பார்த்த பின்னரே பழைய இடத்தை விடுக.

இவை யாவும் ஒருபுறம் இருக்க, நம் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்தப் பெயர் யாருடையது? யாகூ நிறுவனத்தின் ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தில் ஒருகாலத்தில் தமிழன்பர் பலர் தம் பக்கங்களைக் கட்டியிருந்தனர். 2009 அக்டோபர் 26 ஆம் நாள் அது மூடப்பட்டது. அவர்களுடைய முகவரி அந்நிறுவனத்தின் பெயருக்குள் அடங்கியிருந்ததால், வேறிடத்தில் வீடு கட்டினாலும் பழைய முகவரியைத் தேடி வந்தவர்க்கு வழிகாட்ட வகையில்லாது போயிற்று. தன்னார்வத் தொண்டர்கள் விரைந்து படியெடுத்தவை தவிர மற்றவை மறைந்தன. இதற்கு மாறாக, 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று. நிறுவனத்தின் பெயர் மாறியும் அதன் இணைய முகவரி மாறவில்லை. அன்று குறித்துவைத்த முகவரி இன்றும் அதே வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது.

நம் சங்கங்களில் நிகழ்வது யாது? தளம் தொடங்கிய காலத்தில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில், தம் சொந்த மின்னஞ்சலில் பெயரைப் பதிந்து தருவார். நல்ல எண்ணத்தில்தான் செய்வார். பிறகு அவர் வேலை நிமித்தம் வேறு நாட்டுக்குப் போவார், மின்னஞ்சல் மாறும், புதுப்பிக்கும் நினைவூட்டல் எவரும் திறவாத பெட்டியில் போய் விழும். தவணை கடந்து சலுகை நாட்களும் தீர்ந்தால் பெயர் பொதுவில் விடப்படும். அதனை எவரும் விலைக்குக் கொள்ளலாம். சங்கத்தின் பெயரைச் சொடுக்கினால் சூதாட்ட விளம்பரம் வரும் நிலையை அடைந்த தளங்கள் பல. வீடு மாறுவதற்கு முன் செயற்குழு கேட்கவேண்டிய முதற்கேள்வி, 'பெயர் யார் பெயரில் இருக்கிறது, எந்நாளில் காலாவதியாகிறது' என்பதே. சங்கத்தின் பெயரிலும், பொறுப்பாளர் மாறினாலும் மாறாத ஒரு சங்க மின்னஞ்சலிலும் அது பதியப்பட்டிருக்க வேண்டும். பதிவைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றும் வேலையையும் வீடு மாற்றும் வேலையையும் ஒரே வாரத்தில் செய்யத் துணியாதீர்கள். முன்னது நிறைவேறி ஒரு திங்கள் சென்ற பிறகு பின்னதைத் தொடங்கலாம்.

இனிப் பழைய வீட்டை எப்போது விடுவது? எண்ணை மாற்றிய மறுநாளே கணக்கை முடித்துவிடப் பொருளாளர்கள் விரும்புவர். அவர்கள் கவலையும் நியாயமே. ஆயினும் ஒரு திங்கள் வாடகையைச் சேமிக்கப்போய் மூலப்படியை இழக்கலாகாது. 300 என்று குறைத்ததை ஒரு வாரம் கழித்து மீண்டும் 86,400 ஆக்கிவிடலாம். பழைய சர்வரோ முப்பது நாள் விழித்திருக்கட்டும். அதில் யார் யார் எப்போது வந்தனர் என்று தானே எழுதிவைக்கும் வருகைப் பதிவேடு ஒன்று உண்டு. முப்பதாம் நாள் அதனைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகளின் தானியங்கிகளையன்றி எவரும் வந்த சுவடு இல்லையெனில், அனைத்தையும் கடைசியாக ஒருமுறை படியெடுத்து இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்துவிட்டு, பழைய வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம்.